இடி இடித்த மறுநாள் சிவப்பு விளக்கு: புது ரூட்டர் வாங்கக் கிளம்பும் முன்

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இதே தொல்லையில் இருக்கும் மற்றவர்களுக்கும் உதவும். கோத்தகிரி பக்கத்து அரவேனுவில் வீடு. சனிக்கிழமை இரவு இடியும் மழையும். கரண்ட் போய் இரண்டு மணி நேரம் கழித்து வந்தது, அதிலிருந்து நெட் இல்லை. ஃபைபர் பெட்டியில் பவர் விளக்கு பச்சையாக எரிகிறது, 'எல்.ஓ.எஸ்.' என்று எழுதிய இடத்தில் சிவப்பு மினுக்குகிறது. பின்புறத் துளையில் ஊசியை விட்டு ரீசெட் செய்தீர்கள். இப்போது போனில் உங்கள் பழைய வைஃபை பெயர் இல்லை, எழுத்தும் எண்ணுமாக வேறு ஏதோ பெயர் தெரிகிறது. கடைக்காரர் இடியில் ரூட்டர் போய்விட்டது, புதிது 2,400 ரூபாய் என்கிறார். திங்கள் காலை வேலைக்கு உட்கார வேண்டும்.

வாங்காதீர்கள். நீங்கள் சொன்ன அடையாளங்களை வைத்துப் பார்த்தால் பெட்டிக்கு உயிர் இருக்கிறது. வைஃபை பெயரை வெளியே அனுப்புகிறது என்றால் அதன் போர்டும் அடாப்டரும் வேலை செய்கின்றன என்றுதான் அர்த்தம். சிவப்பு விளக்கு சொல்வது வேறு: வெளியிலிருந்து ஃபைபர் வழியாக வர வேண்டிய ஒளி வந்து சேரவில்லை. பழுது அனேகமாக உங்கள் வீட்டுச் சுவருக்கு வெளியே, ஏதோ ஒரு மரத்திலோ கம்பத்திலோ இருக்கிறது. இன்னொன்றும் இருக்கிறது. கடையில் 2,400 ரூபாய்க்குக் கிடைக்கும் சாதாரண ரூட்டரில் ஃபைபர் சொருகும் பச்சைத் துளையே இருக்காது. அப்படியே துளை உள்ள பெட்டியாகப் பார்த்து வாங்கினாலும், அதன் சீரியல் எண்ணை இணைப்பு கொடுப்பவர் தன் பக்கத்தில் பதிந்தால்தான் அது பேசும். வாங்கி வந்து சொருகினால் அதே சிவப்பு விளக்குதான் மினுக்கும்.

கோத்தகிரி, குன்னூர் பக்கம் 17 வருடமாக லைன் வேலை பார்க்கிறேன். ஐப்பசி, கார்த்திகையில் வரும் அழைப்புகளில் பாதிக்கு மேல் இந்தக் கதைதான். அதனால் கொஞ்சம் நிதானமாகவே எழுதுகிறேன்.

ஃபைபர் என்பது கண்ணாடி இழை. அதில் மின்சாரம் ஓடாது, ஆகவே இடி அந்த இழை வழியாக வீட்டுக்குள் வராது. ஆனால் நம் ஊரில் கம்பத்திலிருந்து வீட்டுக்கு இழுக்கும் கறுப்பு டிராப் கேபிளில், தொங்கும் பாரத்தைத் தாங்க ஒரு இரும்புக் கம்பியும் கூடவே வரும். அந்தக் கம்பியை வீட்டுக்கு வெளியிலேயே கொக்கியில் கட்டி நிறுத்திவிட்டு, இழை இருக்கும் பகுதியை மட்டும்தான் உள்ளே கொண்டுவர வேண்டும். சில இடங்களில் கம்பியோடு சேர்த்தே பெட்டி வரை இழுத்து வைத்திருப்பார்கள். உங்கள் வீட்டில் அப்படி இருந்தால் லைன்காரர் வரும்போது வெட்டி நிறுத்தச் சொல்லுங்கள்.

சனிக்கிழமை இரவு இடியை விடக் காற்றின் மேல்தான் எனக்குச் சந்தேகம். கற்பூர மரத்துக் கிளை ஒன்று கேபிள் மேல் விழுந்தால் அறுந்தே போக வேண்டும் என்பதில்லை, இழுபட்டாலே போதும். உறை முழுசாக இருக்கும், உள்ளே இழை ஒடிந்திருக்கும். சில்வர் ஓக் மரத்தில் கட்டிவிட்ட கேபிளும் அப்படித்தான். காற்றுக்கு மரம் ஆட ஆட, கட்டிய இடத்தில் இழை மடிந்து மடிந்து ஒருநாள் விட்டுப்போகும். குரங்குகள் கேபிளில் தொங்கிக்கொண்டு போவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். தேயிலைத் தோட்டத்துக்குள் தாழ்வாகத் தொங்கும் கேபிளைக் காட்டுமாடு கொம்பில் மாட்டி இழுத்துக்கொண்டு போனதும் உண்டு.

இந்த ஒளி எவ்வளவு மெல்லியது என்று தெரிந்தால் மற்றதெல்லாம் புரிந்துவிடும். லைன்காரர் கையில் பவர் மீட்டர் என்று ஒரு சின்னக் கருவி இருக்கும். ஃபைபர் முனையை அதில் சொருகினால் மைனஸ் 19, மைனஸ் 23 என்று ஏதாவது காட்டும். மைனஸுக்குப் பின்னால் வரும் எண் பெரிதாகப் பெரிதாக ஒளி குறைவு என்று பொருள். 3 கூடினால் ஒளி பாதி ஆகிறது. வழக்கமான வீட்டு ஃபைபர் பெட்டி மைனஸ் 27 வரை தாங்கும். அந்த அளவில் வந்து சேரும் ஒளி ஒரு வாட்டில் 5 லட்சத்தில் ஒரு பங்குதான். அதற்கும் கீழே போனால் பெட்டிக்குக் கண் தெரியாது, சிவப்பு விளக்கைப் போட்டுவிடும். கம்பத்தில் ஒரே இழையின் ஒளியை 8 வீட்டுக்கோ 32 வீட்டுக்கோ பிரித்துக் கொடுக்கிறார்கள், அதிலேயே பெரும்பகுதி செலவாகிவிடுகிறது. மிச்சம் இருப்பதை ஒரு மடிப்போ, ஒரு தூசியோ, இழைகளை ஒட்டி வைக்கும் ஜாயிண்ட் பெட்டிக்குள் இறங்கிய ஒரு சொட்டுத் தண்ணீரோ தின்றுவிடும்.

சரி, லைன்காரருக்குப் போன் போடும் முன் வீட்டுக்குள் ஐந்து நிமிடம் பாருங்கள். பெட்டியின் பின்னாலோ அடியிலோ பச்சை முனை சொருகியிருக்கும். அது முழுதாக உட்கார்ந்திருக்கிறதா? லேசாக அழுத்தினால் 'டிக்' என்று உட்கார வேண்டும். வீடு பெருக்கும்போதோ, பெட்டியை நகர்த்தும்போதோ இது நழுவியிருப்பதை நிறைய முறை பார்த்திருக்கிறேன். அங்கிருந்து சுவர் வரை போகும் மெல்லிய வயரை விரலால் தடவிக்கொண்டே போங்கள். பீரோவின் கீழ் நசுங்கியிருக்கலாம், ஜன்னல் கதவு இடுக்கில் சிக்கியிருக்கலாம், எலி கடித்திருக்கலாம். ஒரு எலுமிச்சம்பழத்தைச் சுற்றும் அளவுக்காவது வளைவு பெரிதாக இருக்கட்டும். ஆணியில் மடித்துத் தொங்கவிட்டால் ஒளி வளைவிலேயே வெளியேறிவிடும். சுவரைத் துளைத்து கேபிள் உள்ளே வரும் இடத்தில் ஈரம் இருக்கிறதா என்றும் பாருங்கள். வெளியே கேபிள் துளைக்குக் கீழே ஒரு தொங்கல் விட்டு அதன் பிறகு மேலேறி வந்தால் மழைநீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும். நேராக மேலிருந்து இறங்கினால் தண்ணீர் கேபிளோடு வீட்டுக்குள் வரும்.

பச்சை முனையைக் கழற்ற வேண்டி வந்தால் ஒன்றை மறக்காதீர்கள்: அதன் துளையைக் கண்ணருகே வைத்துப் பார்க்காதீர்கள். உள்ளே வருவது லேசர், கண்ணுக்குத் தெரியாத அலைநீளம். எரிகிறதா என்று எட்டிப்பார்த்தால் ஒன்றும் தெரியாது, கண்ணுக்குத்தான் கேடு. முனையை விரலால் தொடவும், சட்டையில் துடைக்கவும் வேண்டாம். பச்சை முனைக்கு நீல முனையை மாற்றிச் சொருகுவதும் கூடாது. பச்சையின் கண்ணாடி முகம் 8 டிகிரி சாய்வாகத் தேய்க்கப்பட்டது, நீலம் நேரானது. இரண்டும் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தாது.

அப்புறம் வெளியே வந்து, வீட்டிலிருந்து கம்பம் வரை கேபிளைக் கண்ணாலேயே பின்தொடர்ந்து போங்கள். நேற்று வரை இழுத்துக் கட்டியிருந்தது இன்று தொய்ந்திருக்கிறதா, கிளை ஏதும் சாய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பார்க்க மட்டும் செய்யுங்கள். மழைக்குப் பிறகு கீழே விழுந்து கிடக்கும் கேபிளைக் கையால் எடுக்கவே கூடாது. மேலே எங்கோ மின் கம்பியில் உரசிக்கொண்டிருந்தால், நான் சொன்ன அந்த இரும்புக் கம்பி வழியாக மின்சாரம் உங்கள் கைக்கு வரும். அப்படிச் சந்தேகம் வந்தால் முதலில் மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள், நெட் பிறகு வரட்டும்.

பக்கத்து வீட்டிலும் அதே இணைப்பு இருந்தால் அவர்களுக்கு வருகிறதா என்று கேளுங்கள். அவர்களுக்கும் இல்லையென்றால் கம்பத்திலோ அதற்கும் முன்னாலோ பழுது. சில நேரம் மொத்த ஊருக்கும் இருக்காது. மேட்டுப்பாளையத்திலிருந்து குஞ்சப்பனை வழியாக ஏறும் சாலையில் மண் சரிந்தால், சாலையோரம் புதைத்த கேபிளும் சேர்ந்து போய்விடும். 2009 நவம்பரில் குன்னூர், கோத்தகிரி பக்கம் மலையே இறங்கி வந்ததைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். அப்படி ஒரு நாளில் வீட்டுப் பெட்டியை நோண்டிப் பயனில்லை.

லைன்காரரிடம் 'நெட் வரலை' என்று மட்டும் சொன்னால் அவர் உங்களை நாலாவதாகவோ ஐந்தாவதாகவோ வைத்துக்கொள்வார். 'எல்.ஓ.எஸ். லைட் சிவப்பாக மினுக்குகிறது, பச்சை முனை சரியாக இருக்கிறது, கம்பத்துக்கு முன்னால் இரண்டாவது மரத்தில் கேபிள் தொய்ந்திருக்கிறது' என்று சொல்லிப் பாருங்கள். எதை எடுத்துக்கொண்டு வர வேண்டும், ஏணி வேண்டுமா என்று அவருக்குத் தெரிந்துவிடும். வேலை முடிந்து கிளம்பும்போது மீட்டரில் மைனஸ் எவ்வளவு என்று கேட்டு எழுதி வையுங்கள். நம் பக்கம் மைனஸ் 18 முதல் 24 வரை இருந்தால் நிம்மதி. மைனஸ் 26 என்று விட்டுவிட்டுப் போனால் அன்று நெட் வரும், அடுத்த மழைக்கு மறுபடி போகும். மழை பெய்தால் போகிறது, வெயில் அடித்தால் வருகிறது என்று வருடக்கணக்காகப் புலம்பும் வீடுகளில் நான் அளந்தபோது பெரும்பாலும் இப்படி விளிம்பில் நிற்கும் அளவுதான் இருந்தது. அந்த வீடுகளில் பெட்டி மேல் ஒரு குற்றமும் இல்லை. ஜாயிண்டைப் புதிதாக உருக்கி ஒட்டி, ஜாயிண்ட் பெட்டியின் கேபிள் வாய் கீழ்நோக்கி இருக்கும்படி கட்டினால் போதும், தொல்லை தீர்ந்துவிடும். கேட்டால் செய்வார்கள், கேட்கத்தான் வேண்டும்.

இனி அந்த ரீசெட் விஷயம். இதை நான் கொஞ்சம் அழுத்தித்தான் சொல்ல வேண்டும். ரீஸ்டார்ட் வேறு, ரீசெட் வேறு. அடாப்டரைப் பிடுங்கி அரை நிமிடம் விட்டு மறுபடி போடுவது ரீஸ்டார்ட், அதை எத்தனை முறை செய்தாலும் பாதகமில்லை. துளைக்குள் ஊசியை விட்டுப் பத்து நொடி அழுத்துவது ரீசெட். அது பெட்டியைத் தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்குக் கொண்டுபோய்விடும். உங்கள் வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் மட்டும் போனால் பரவாயில்லை. இணைப்பு கொடுத்தவர் உள்ளே பதிந்து வைத்த பயனர் பெயர், அதற்கான கடவுச்சொல், விலான் எண் (லைனில் உங்கள் நெட்டுக்கு ஒதுக்கிய தடத்தின் எண்) எல்லாமே சேர்ந்து அழிந்திருக்கும். வெளியே அறுந்த இழையை ஒட்டி ஒளி வந்த பிறகும் உங்களுக்கு நெட் வராமல் போக இதுவே காரணமாகலாம். சில நிறுவனங்கள் தங்கள் பக்கத்திலிருந்தே இந்த விவரங்களைப் பெட்டிக்கு அனுப்பிவிடும். சில உள்ளூர் இணைப்புகளில் ஆள் வந்து கையால்தான் போட வேண்டும். அதனால் லைன்காரரிடம் 'ரீசெட் செய்துவிட்டேன்' என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், மறைக்க வேண்டாம். அவர் பதியும்போது அந்த விவரங்களை ஒரு தாளில் எழுதி வாங்கி பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டி வையுங்கள். தற்காலிக வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் பெட்டிக்கு அடியில் உள்ள ஸ்டிக்கரில் இருக்கும்.

ஒளி திரும்பியதும் விளக்குகளை இந்த வரிசையில் கவனியுங்கள். சிவப்பு அணையும். 'பான்' என்று எழுதிய விளக்கு (இணைப்பு கொடுப்பவரின் ஃபைபர் லைனோடு பெட்டி சேர்ந்ததா என்று காட்டுவது) கொஞ்ச நேரம் மினுக்கி, பிறகு ஆடாமல் எரியும். மினுக்கிக்கொண்டே இருந்தால் ஒளி வருகிறது, அந்தப் பக்கம் உங்கள் பெட்டியை இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை என்று பொருள். பான் நிலையாக எரிந்தும் இன்டர்நெட் விளக்கு வரவில்லை என்றால் அழிந்துபோன பயனர் பெயர்தான் காரணம், அல்லது மாதக் கட்டணம் பாக்கி. எல்லா விளக்கும் சரியாக இருந்தும் எந்தத் தளமும் திறக்கவில்லை என்றால் கணினியில் 8.8.8.8க்குப் பிங் கொடுத்துப் பாருங்கள், அதாவது அந்த முகவரியிலிருந்து பதில் வருகிறதா என்று 'ping 8.8.8.8' கட்டளையால் சோதியுங்கள். பதில் வந்தால் பெரும்பாலும் டிஎன்எஸ், அதாவது தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் சேவை, அதில்தான் கோளாறு, அதை 1.1.1.1 என்று மாற்றினால் ஓடும். கணினிக்கு 169.254 என்று தொடங்கும் முகவரி கிடைத்திருந்தால் ரூட்டரோடு அது பேசவே இல்லை, லேன் வயரை வேறு துளையில் மாற்றிப் போடுங்கள்.

உங்களுக்கு அடாப்டர் பிழைத்துவிட்டது. ஆனால் அதே இரவில் கோத்தகிரியில் எத்தனையோ வீட்டில் அதுதான் போயிருக்கும். இடி ஃபைபரில் வராவிட்டாலும் மின் கம்பியில் வரும். கரண்ட் போய்த் திரும்பும் அந்த நொடியில் வரும் உதறலும் அடாப்டருக்கு ஆகாது. முழுதாகச் செத்தால் எந்த விளக்கும் எரியாது, கண்டுபிடிப்பது சுலபம். அரைகுறையாகச் செத்த அடாப்டர்தான் ஏமாற்றும். விளக்கெல்லாம் எரியும், வைஃபை வரும், நாலு பேர் இணைந்ததும் பெட்டி தானாக அணைந்து எழும். உள்ளே கெப்பாசிட்டர் உப்பிப்போய், பாரம் ஏறும்போது மின்னழுத்தம் சரிந்துவிடுகிறது. மீட்டரை வைத்துச் சும்மா அளந்தால் 12 வோல்ட் சரியாகக் காட்டும், பெட்டியில் சொருகி ஓடவிட்டால் 9க்கோ 10க்கோ இறங்கும். கடைக்காரர் சும்மா அளந்து பார்த்துவிட்டு 'அடாப்டர் நல்லா இருக்கு, ரூட்டர்தான் போச்சு' என்று சொல்வதும் இப்படித்தான்.

மீட்டர் இல்லாதவர்கள் இன்னொரு அடாப்டரைப் போட்டுப் பார்ப்பதே நல்ல சோதனை. பழைய அடாப்டரின் மேல் எழுதியதைப் படியுங்கள். வோல்ட் அதே எண்ணாக இருக்க வேண்டும், ஆம்பியர் அதே அளவோ கூடுதலோ இருக்கலாம், குறையக் கூடாது. ஊசிமுனையின் நடுவில் பிளஸ் என்று காட்டும் சின்னப் படமும் ஒத்துப்போக வேண்டும். 12 வோல்ட் 1 ஆம்பியர் ரூட்டருக்கு செட்டாப் பாக்ஸின் 12 வோல்ட் 1.5 ஆம்பியர் அடாப்டர், முனை பொருந்தினால், ஒரு மணி நேரம் கடன் கொடுக்கலாம். அதில் சரியாக ஓடினால் 200, 300 ரூபாயில் வேலை முடிந்தது.

பெட்டியே போய்விட்டது என்று எப்போது ஒப்புக்கொள்ளலாம்? நல்ல அடாப்டர் போட்டும் பவர் விளக்கு எரியாதபோது. அல்லது பச்சை முனையில் மீட்டர் மைனஸ் 20 காட்டுகிறது, அதே முனையைப் பெட்டியில் சொருகினால் சிவப்பு விளக்கு அணையவே இல்லை என்றபோது. அப்போதும் கடைக்குப் போக வேண்டாம். அந்தப் பெட்டி பெரும்பாலும் இணைப்பு கொடுத்தவருடையது, மாற்றித் தருவது அவர் பொறுப்பு.

பழைய செம்புத் தொலைபேசி லைனில் நெட் வைத்திருப்பவர்களுக்கு நிலைமை வேறு. இடி அந்தக் கம்பியிலேயே ஏறி வந்து மோடத்தின் லைன் துளையைச் சுட்டுவிடும். அவர்கள் இடி கேட்டதும் கரண்ட், லைன் இரண்டையுமே பிடுங்க வேண்டும். ஃபைபர் வீட்டில் அடாப்டரை மட்டும் பிடுங்கினால் போதும். பச்சை முனையை அடிக்கடி கழற்றினால் தூசிதான் ஏறும். மின்னலுக்கும் சத்தத்துக்கும் நடுவில் எண்ணிப் பாருங்கள், 3 நொடிக்கு 1 கிலோமீட்டர். பத்துப் பதினைந்து நொடிக்குள் சத்தம் வந்தால் பிடுங்கிவிட வேண்டிய நேரம்.

ஒன்று மட்டும் செய்யவே செய்யாதீர்கள்: அண்ணன் வீட்டுக்கும் தம்பி வீட்டுக்கும் நடுவே முற்றத்தின் மேல் லேன் வயர் இழுப்பது. அது செம்பு. இடி விழும்போது இரண்டு வீட்டு ரூட்டரையும் டிவியையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போகும். அப்படித்தான் பகிர வேண்டுமென்றால் அதற்கும் ஃபைபரே போடலாம். வீட்டு எர்த் குழியையும் ஒருமுறை எலக்ட்ரீஷியனை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பாறை மண்ணில் போட்ட எர்த் பல வீடுகளில் பேருக்குத்தான் இருக்கிறது. எர்த் சரியில்லாத வீட்டில் சர்ஜ் (திடீரென எகிறும் மின்னழுத்தம்) பாதுகாப்புள்ள பிளக் போர்டு வாங்கி வைத்தும் பெரிய பலன் இருக்காது.

திங்கள் காலைக்கு: இன்று மாலையே போன் ஹாட்ஸ்பாட்டைச் சோதித்துப் பாருங்கள். போனை வயர் போட்டு லேப்டாப்பில் இணைத்து, பள்ளத்தாக்கைப் பார்த்த ஜன்னலில் வைத்தால் சிக்னல் பெரும்பாலும் கூடும். கல் சுவருக்குள் வைத்தால் கிடைக்காது. இந்த வாரம் வேலை ஓடிவிடும்.

லைன்காரர் வந்து போனதும் மைனஸ் எவ்வளவு காட்டியது, பான் விளக்கு நின்று எரிகிறதா என்று எழுதுங்கள். மைனஸுக்குப் பின்னால் 25க்கு மேல் சொன்னார் என்றால் அவரை அனுப்பிவிடாமல் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள், எந்த ஜாயிண்டைத் திறக்கச் சொல்ல வேண்டும் என்று பார்ப்போம்.